கிறிஸ்துமஸ் செலவைக் குறைப்பதும் பயனுள்ள முறையில் கொடுப்பதும்: கொங்குப் பகுதி நண்பர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்

பவானிக்கரை (இழையைத் தொடங்கியவர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஈரோட்டில் வாழும் எங்கள் குடும்பத்தில் உடன்பிறந்தோர் அனைவரின் வீட்டாரும் கிறிஸ்துமஸ் அன்று ஒருவருக்கொருவர் பரிசு கொடுப்பது சில ஆண்டுகளாகப் பழக்கமாகிவிட்டது. எங்கள் பெற்றோர் காலத்தில் இப்பழக்கம் இருந்ததில்லை. குழந்தைகளுக்குப் புதுத்துணி, அக்கம்பக்கத்து வீடுகளுக்கு முறுக்கும் அதிரசமும் கேக்கும், ஆலயத்தில் காணிக்கை என்ற அளவோடு பண்டிகை நிறைந்துவிடும். இப்போதோ தீபாவளிக்குக் கட்டிய தோரணம் கடைகளில் இறங்குவதற்குள் நட்சத்திரமும் பிளாஸ்டிக் மரமும் ஏறிவிடுகின்றன. யாருக்கு என்ன தேவை என்று தெரியாமலேயே வாங்குகிறோம். போன ஆண்டு அவர் கொடுத்த சட்டையின் விலையை மனத்துக்குள் கணக்கிட்டு, அதற்கு ஈடானதைத் திருப்பிக் கொடுக்கிறோம். பிரிக்கப்படாத பெட்டிகள் எல்லா வீட்டு அலமாரிகளிலும் இருக்கின்றன.

இவ்வாண்டு பெரியவர்கள் தமக்குள் பரிசு கொடுப்பதை நிறுத்திவிட்டு, குழந்தைகளுக்கு ஆளுக்கொரு பொருள் மட்டும் வாங்கி, மீதமாகும் தொகையைத் தேவையுள்ளவர்களுக்குக் கொடுக்கலாம் என்று நான் சொன்னேன். என் தங்கை இதை ஏற்கவில்லை. வெறுங்கையோடு தன் புகுந்த வீட்டாரின் முன்னால் நிற்க முடியாது என்றும், வசதியுள்ள அண்ணன் எளிமையைப் பேசுவது எளிது என்றும் சொன்னாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தீபாவளிப் பலகாரம் கொண்டுவந்து தரும் இந்து அண்டை வீட்டாருக்கு நாங்கள் அனுப்பும் கேக்கை நிறுத்துவது பற்றிய பேச்சே இல்லை, அது விருந்தோம்பல். நான் கேட்பது இரண்டு: குடும்பத்துக்குள் எதைக் குறைப்பது? மிச்சப்படுத்திய பணத்தை யாருக்கு, எப்படிக் கொடுத்தால் அது உண்மையில் பயன்படும்?

நொய்யல்வாசி எழுதியது:

திருப்பூரில் ஏற்றுமதிப் பனியன் கம்பெனி ஒன்றில், வாங்குவோரின் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக வேலை செய்கிறேன். எங்களுக்குக் கிறிஸ்துமஸ் ஆடி மாதத்திலேயே வந்துவிடுகிறது. வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே பனிமனிதனும் கலைமானும் அச்சிட்ட குழந்தைச் சட்டைகள் பவர் டேபிள் தையல் இயந்திரங்களில் ஓடிக்கொண்டிருக்கும். ஐரோப்பியக் கடைகளில் நவம்பரில் தொங்க வேண்டிய சரக்கு, கடல்வழிப் பயணத்தையும் கணக்கிட்டால், அதற்கு வெகு முன்னரே தூத்துக்குடித் துறைமுகத்தைக் கடந்திருக்க வேண்டும். கப்பல் தவறினால் விமானத்தில் அனுப்ப வேண்டும். அந்தச் செலவு பெரும்பாலும் கம்பெனியின் தலையில்தான் விழும். அதனால்தான் அம்மாதங்களில் ஒன்றரை ஷிப்ட் வேலை நடக்கிறது. டிசம்பர் 26-ஆம் தேதி அந்தச் சட்டைக்கு மதிப்பே கிடையாது, ஏனெனில் பனிமனிதன் போட்ட சட்டையை ஜனவரியில் எந்தக் குழந்தையும் அணியாது. ஒரே நாளுக்காகத் தைக்கப்படும் துணி என்றால் இதுதான்.

நுகர்வைக் குறையுங்கள் என்று சொல்லும்போது இவ்வூரின் நிலையையும் நினைக்க வேண்டும். 1992-இல் கனடாவில் தொடங்கிய ‘எதுவும் வாங்காத நாள்’ போன்ற இயக்கங்களை நான் மதிக்கிறேன். ஆனால் அங்கே ஓர் ஆர்டர் குறைந்தால் இங்கே ஓவர்லாக் டைலருக்கும் அவருக்கு உதவும் கைமடி ஆளுக்கும் வாரச் சம்பளம் குறைகிறது. மறுபக்கமும் உண்டு. சாயக் கழிவால் நொய்யல் பட்ட பாட்டையும், ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய நீரால் கீழ்ப்பகுதி விவசாயிகள் அடைந்த இழப்பையும், 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டதையும் இங்கே யாரும் மறக்கவில்லை. அதன் பிறகு கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு முறைக்கு ஆலைகள் மாறின. அதற்கான செலவைத் துணியின் விலையில் ஏற்றிக்கொள்ள வாங்குவோர் எளிதில் இசைவதில்லை. சிக்கல் வாங்குவதில் இல்லை, அளவுக்கு மீறி மலிவாக வாங்க வேண்டும் என்ற பிடிவாதத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. மூன்று மலிவுச் சட்டைகளுக்குப் பதிலாக நல்ல சட்டை ஒன்றை அதற்குரிய விலை கொடுத்து வாங்குபவர் எங்களுக்குப் பகைவர் அல்லர்.

மணிக்கூண்டு எழுதியது:

ஈரோட்டில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடுவே வரும் கிறிஸ்துமஸ் வியாபாரம் எங்களுக்குப் பெரியது அன்று. ஆயினும் கடையில் நிற்கும் பெண்களின் கூலி அம்மாதமும் ஓட வேண்டும். எனவே யாரும் எதுவும் வாங்காதீர்கள் என்ற அறிவுரையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஆனால் தானம் கொடுப்பவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். டிசம்பர் இரண்டாவது வாரத்திலிருந்து குழுக்களாக வருவார்கள். தமக்கு வாங்கும்போது சேலையின் முந்தானையை விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, சாயம் போகுமா என்று கேட்டுத்தான் எடுப்பார்கள். அதன் பிறகு, ‘ஏழைகளுக்குக் கொடுப்பதற்குத்தான், விலை குறைந்ததாக ஐம்பது சேலை போடுங்கள்’ என்பார்கள். அதற்கென்றே தனிக் கட்டு வைத்திருக்காத கடை இப்பகுதியில் அரிது. அச்சேலை இரண்டு முறை துவைத்தால் கையோடு வந்துவிடும் என்பது கொடுப்பவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரே நிறம், ஒரே கரை என்பதால், உடுத்திக்கொண்டு தெருவில் இறங்கும் பெண் தானச் சேலை கட்டியவள் என்று ஊருக்கே தெரிந்துவிடுகிறது.

எங்கள் கடைக்கு வரும் ஓர் ஆலயத்துப் பெண்கள் ஐக்கியத்தினர் இம்முறையை மாற்றிவிட்டார்கள். குறிப்பிட்ட தொகைக்குச் சீட்டு எழுதி விதவைத் தாய்மார்களிடம் கொடுத்துவிடுகிறார்கள். அவர்கள் பண்டிகைக்கு முன் தமக்கு வசதியான ஒரு நாளில் கடைக்கு வந்து, மற்ற வாடிக்கையாளரைப் போலவே பார்த்துப் பார்த்து எடுத்துக்கொள்கிறார்கள். ஐக்கியத்தினர் மாத இறுதியில் கணக்கை முடிக்கிறார்கள். சிலர் சேலை எடுப்பதில்லை, பேரப்பிள்ளைக்குப் பள்ளிச் சீருடைத் துணி எடுக்கிறார்கள். சேலைதான் எடுக்க வேண்டும் என்று யார் சொல்ல முடியும்?

ஆழியாறு எழுதியது:

மணிக்கூண்டு ஐயா சொன்னதற்குப் பொருளாதாரத்தில் ஓர் அடிப்படை உண்டு. பொள்ளாச்சியில் பொருளியல் ஆசிரியராக இருப்பதால் சொல்கிறேன். அமெரிக்க அறிஞர் ஜோயல் வால்ட்ஃபோகல் கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பற்றி 1993-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். கல்லூரி மாணவர்களிடம், அவர்கள் பெற்ற பரிசுகளின் விலை எவ்வளவு இருக்கும் என்றும், உணர்வு சார்ந்த மதிப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அப்பொருள் அவர்களுக்கு எவ்வளவு பெறும் என்றும் கேட்டார். விலையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை பெறுபவரிடம் சேராமலே வீணாகிறது என்பது அவருடைய முடிவு. பெறுபவரின் விருப்பத்தை அறியாதவர் கொடுக்கும்போது இழப்பு கூடுகிறது. விதவைத் தாய்மார்களின் கையில் சீட்டைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் செய்வது இந்த இழப்பைத் தவிர்க்கிறது.

நம் ஊரில் இந்தச் சிக்கலுக்கு மொய்க் கவர் என்ற தீர்வை முன்னரே கண்டுபிடித்துவிட்டோம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். நூற்றொன்று, ஐந்நூற்றொன்று என்று பணமாகக் கொடுத்துவிட்டால் பெறுபவர் தமக்கு வேண்டியதைச் செய்துகொள்வார். ஆனால் மொய் நோட்டில் எழுதப்படுவது திரும்பி வர வேண்டிய தொகை. பவானிக்கரை அவர்களின் குடும்பத்தில் நடப்பதும் நோட்டு இல்லாத மொய்தான். உறவுக்குள் அது இருந்துவிட்டுப் போகட்டும், அதற்கும் ஒரு பயன் உண்டு. அதையே ஈகை என்று எண்ணிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

கிறிஸ்துமஸ் தாத்தாவின் மூலவராகிய புனித நிக்கோலாஸ், இன்றைய துருக்கியில் இருந்த மீரா நகரின் ஆயராக நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். மூன்று பெண்களின் திருமணத்துக்கு வழியில்லாத ஏழைத் தந்தையின் வீட்டில், யார் போட்டது என்று தெரியாதபடி இரவில் பொன்முடிப்பைப் போட்டுவிட்டுப் போனார் என்பது அவரைப் பற்றி வழங்கும் கதை. அவர் கொடுத்தது அந்த வீட்டுக்கு அப்போது எது தேவையோ அது, அதுவும் புகைப்படம் எடுக்காமல்.

மேட்டுப்பாளையம் சாலை எழுதியது:

புகைப்படம் என்று ஆழியாறு அவர்கள் தொட்டதால் எழுதுகிறேன். குழந்தைகள் இல்லம் ஒன்றின் நிர்வாகத்தில் உதவி வருகிறேன். டிசம்பர் கடைசி வாரத்தில் எங்கள் இல்லத்துக்குக் காலையில் ஒரு குழு கேக்குடனும், மதியம் இன்னொரு குழு பிரியாணியுடனும், மாலையில் வேறொரு குழு மறுபடியும் கேக்குடனும் வரும். எல்லாக் குழுவுக்கும் முன்னால் பிள்ளைகள் வரிசையில் நின்று பாட வேண்டும், நன்றி சொல்ல வேண்டும், படத்துக்கு நிற்க வேண்டும். இரவில் வயிற்றுவலி என்று அழும் பிள்ளைகளுக்கு ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்போம். ஜூன் மாதத்தில் நோட்டுப் புத்தகமும் செருப்பும் பேருந்துச் செலவும் ஒன்றாக வந்து நிற்கும்போது தொலைபேசியில் அழைக்கக்கூட ஆள் இருக்காது.

வருபவர்கள் நல்லவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, பராமரிப்புத் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளிப்படுத்துவதைத் தடை செய்கிறது என்பதை அவர்களிடம் நினைவூட்டினால், சிலர் முகம் சுளிக்கிறார்கள். படம் எடுக்க முடியாது என்று தெரிந்ததும், கொண்டுவந்த பெட்டிகளைத் திருப்பி எடுத்துப் போனவர்களும் உண்டு.

எனவே இல்லங்களுக்குக் கொடுக்க நினைப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. முதலில் இல்லம் முறைப்படி பதிவு பெற்றதா என்று பாருங்கள். பிறகு காப்பாளரை அழைத்து என்ன தேவை என்று கேளுங்கள். அவர் சொல்லும் பட்டியல் உங்களுக்குச் சுவையற்றதாக இருக்கலாம். மாதவிடாய் அணையாடை, மின்விசிறிப் பழுது, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வாரம் ஒருமுறை வரக்கூடிய ஓர் ஆள் என்றுதான் அது இருக்கும். டிசம்பரில் மனம் இளகும்போது தொகையை ஒதுக்கி வைத்து, அதை ஜூனில் கொடுத்தால் இன்னும் நல்லது.

ஊத்துக்குளி அம்மாயி எழுதியது:

என் பேத்திதான் தட்டச்சு செய்கிறாள், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். எங்கள் காலத்தில் பெண்களின் கையில் காசு இருக்காது. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்போம். அது சேர்ந்ததும் ஆலயத்துக்குப் போகும், அங்கிருந்து இல்லாதவர்களுக்குப் போகும். எங்களுக்குத் தெரிந்த கொடுத்தல் அதுதான். அதற்குப் பண்டிகை வர வேண்டியதில்லை.

தம்பி பவானிக்கரை, உன் தங்கை சொன்னதை நீ இன்னும் சரியாகக் கேட்கவில்லை என்று எனக்குப் படுகிறது. வெறுங்கையோடு புகுந்த வீட்டில் நிற்க முடியாது என்று அவள் சொன்னால், அங்கே அவளிடம் எதையோ எதிர்பார்க்கிறார்கள் என்று பொருள். தலைக் கிறிஸ்துமஸ் என்றால் மாப்பிள்ளைக்கு மோதிரம், சம்பந்தி வீட்டார் அனைவருக்கும் துணி, பலகாரம் என்று சீர் வரிசை போக வேண்டியிருக்கிறது. அது முதல் ஆண்டோடு நிற்பதும் இல்லை. இதற்காகக் கடன் வாங்கிய தகப்பன்மாரை நான் பார்த்திருக்கிறேன். கடைக்காரரையும் விளம்பரத்தையும் குறை சொல்வதற்கு முன்னால், பெண் வீட்டாரிடமிருந்து வரும் பண்டிகைச் சீரை வேண்டாம் என்று சொல்ல எத்தனை மாப்பிள்ளை வீட்டாருக்கு மனம் இருக்கிறது? உன் வீட்டுக்கு வந்த மருமகளின் பெற்றோருக்கு நீ முதலில் அதைச் சொல். பிறகு உன் தங்கையின் மாமியாரிடம் நீயே நேரில் போய்ப் பேசலாம். அவளைப் பேசச் சொல்லாதே.

சென்னிமலை எழுதியது:

அம்மாயி சொன்னதற்கு மேல் சேர்க்க ஒன்றுமில்லை. பரிசு கொடுத்தே ஆக வேண்டிய இடங்களைப் பற்றி மட்டும் ஒரு குறிப்பு.

எங்கள் ஊர்ப் போர்வையும் பவானி ஜமக்காளமும் ஒரு வீட்டில் பல ஆண்டுகள் உழைக்கும். ஒரு குடும்பத்துக்கு ஆளுக்கொரு பொருள் கொடுப்பதைவிட, எல்லோரும் உட்காரும் ஜமக்காளம் ஒன்று கொடுப்பது செலவிலும் குறைவு, மதிப்பிலும் நல்லது. ஆனால் எங்கே வாங்குகிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஜமக்காளம் உள்ளிட்ட சில வகைகளைக் கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்கி 1985-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருக்கிறது. இருந்தும் விசைத்தறியில் ஓட்டியவை பவானிப் பெயரில் விலை குறைவாக விற்கப்படுகின்றன என்பது நெசவாளர்களின் நெடுநாள் முறையீடு. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் விற்பனை நிலையத்திலோ, 1935 முதல் இயங்கும் கோ-ஆப்டெக்ஸிலோ வாங்கினால் தறியில் அமர்ந்தவருக்குக் கூலி சேரும். விசைத்தறி நெசவாளர்களும் கூலி உயர்வுக்காகப் போராடிக்கொண்டிருப்பவர்கள்தாம். அவர்கள்மீது எனக்குக் குறையில்லை. பெயரை மாற்றி விற்பதுதான் குற்றம்.

பவானிக்கரை எழுதியது:

அம்மாயி அவர்களுக்கு என் வணக்கம். நேற்று மாலை தங்கையின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய மாமியாரிடம், இவ்வாண்டு எங்கள் பக்கத்திலிருந்து ஆளுக்கொரு துணி வராது, குடும்பத்துக்கு ஒரே பொருள்தான் வரும் என்று நேராகவே சொன்னேன். அவர் மறுக்கவும் இல்லை, மகிழவும் இல்லை, காப்பி வந்தது. பேச்சு அடுத்த ஞாயிறு தொடரும்.

மீதமாகும் தொகையில் ஒரு பகுதியை எங்கள் ஆலயத்தின் வழியாகக் கடைச் சீட்டு முறைக்குக் கொடுக்க நினைக்கிறேன். ஆலயக் கமிட்டியிடம் பேச வேண்டும். ஒரு பகுதியை ஜூன் மாதத்துக்கு ஒதுக்குகிறோம். இன்னொரு பகுதி இன்னும் முடிவாகவில்லை. அறக்கட்டளைகளுக்குக் கொடுத்தால் வருமான வரியில் கழிவு கிடைக்கும் என்று என் தம்பி சொல்கிறான். விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

அவினாசி எழுதியது:

முடிவாகாத அப்பகுதிக்கு ஒரு யோசனை சொல்கிறேன். பனியன் கம்பெனி விடுதிகளில் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களில் முண்டா, ஒராவோன், காரியா இனங்களைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள் பலர். தீபாவளிக்குக் கம்பெனிகள் பல நாள் மூடும். கிறிஸ்துமஸுக்கு ஒரே நாள்தான் விடுமுறை. ராஞ்சிக்குப் போய்த் திரும்ப ரயிலிலேயே நாட்கள் கழிந்துவிடும் என்பதால் அவர்கள் விடுதியிலேயே இருந்துவிடுகிறார்கள். எங்கள் வாலிபர் ஐக்கியத்தினர் முதலில் கேக் கொண்டுபோனார்கள், இன்முகத்தோடு வாங்கிக்கொண்டார்கள். என்ன வேண்டும் என்று கேட்டபோதுதான், ஊருக்குப் போக லீவும் டிக்கெட்டும் வேண்டும் என்றார்கள்.

லீவு கம்பெனிக்காரர்களின் கையில் இருக்கிறது. எங்கள் சபையில் முதலாளிகளும் இருப்பதால் அவர்களிடம் பேசினோம். கிறிஸ்துமஸ் சரக்கு அதற்கு வெகு முன்பே கப்பல் ஏறிவிடுவதால் சிலர் இசைந்தார்கள். டிக்கெட்டுக்கு நாங்கள் பொறுப்பேற்றோம். ஆலப்புழை–தன்பாத் விரைவு ரயில் திருப்பூர், ஈரோடு வழியாக ரூர்கேலாவுக்கும் ராஞ்சிக்கும் போகிறது. 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னர்தான் திறக்கிறது என்பதால், டிசம்பர் மூன்றாவது வாரப் பயணத்துக்கு அக்டோபரிலேயே பெயர்களைச் சேர்த்து வைத்திருக்க வேண்டும். டிசம்பரில் யோசித்தால் தட்கல் ஒன்றுதான் வழி.

பணம் செலவழிக்காமல் கொடுக்கக்கூடியதும் ஒன்று உண்டு. வேலையை விட்டு நின்ற தொழிலாளர்கள் பலருக்கு வருங்கால வைப்பு நிதிப் பணம் கிடக்கிறது. ஆதாரில் ஒரு எழுத்தும் கம்பெனிப் பதிவில் வேறு எழுத்துமாகப் பெயர் இருப்பதால் எடுக்க முடியவில்லை. கணினி தெரிந்த இருவர் மாதம் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து உட்கார்ந்தால் அவ்விண்ணப்பங்களைச் சரிசெய்ய முடியும். அவர்களுக்குக் கிடைப்பது அவர்களுடைய பணமேதான், நாம் கொடுக்கக்கூடிய எந்தப் பரிசையும்விடப் பெரிய தொகையாகவும் அது இருக்கக்கூடும். இதில் யாரும் நம்மைக் கைகூப்பிக் கும்பிட வேண்டியதும் இல்லை.

கணக்கர் கரூர் எழுதியது:

வரிக் கேள்விக்குச் சுருக்கமான விடை. 80ஜி என்று நாம் வழக்கமாகச் சொல்லும் நன்கொடைக் கழிவு பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மட்டுமே உண்டு; தனிநபர் புதிய முறையில் இருந்தால் கிடையாது. பழைய முறையிலும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்குக் கழிவு இல்லை. பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குக் கொடுக்கும் தொகையில் பாதிதான், அதுவும் ஒரு வரம்புக்குள்தான் கணக்கில் வரும். பதிவு பெற்ற அமைப்பிடம் வெறும் ரசீதோடு நின்றுவிடாமல் வரிக் கழிவுக்கான நன்கொடைச் சான்றையும் கேட்டு வாங்க வேண்டும்.

கடைச் சீட்டும், ரயில் டிக்கெட்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கட்டும் கட்டணமும் நேரடியாகத் தனிநபருக்குப் போவதால் எந்தக் கழிவும் கிடைக்காது. உங்கள் தம்பி புதிய முறையில் இருந்தால் அவர் இதைப் பற்றி யோசிக்க வேண்டியதே இல்லை. நிறுவனத்தில் எந்த முறையைக் குறிப்பிட்டிருக்கிறார் என்று அவரிடம் முதலில் கேளுங்கள். பெரும்பாலோருக்கு அது நினைவில் இருப்பதில்லை.